அண்ணாவுக்கு டிபோர்ட் கடிதம்: "ஊரில் ஒருவரும் இல்லை" என்று எழுதினால் போதுமா?

மயிலிட்டிப் பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். பெயர் விவரம் போடவில்லை, குறை நினைக்க வேண்டாம்.

அண்ணா 1991 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு எல்லோரும் ஓடிய பிறகு, சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் இருந்த காலம் அது. 1995 இடப்பெயர்வில் வன்னிக்குப் போனோம், பிறகு கொழும்பில் லொட்ஜ், 1999 இல் லண்டன். அப்பா முன்னமே வந்து அகதி அந்தஸ்து எடுத்திருந்தார். நாங்கள் குடும்ப விசாவில் வந்தோம். அண்ணாவுக்கு அப்போது எட்டு வயது. பிறகு எல்லோருக்கும் நிரந்தர விசா கிடைத்தது. அப்பா, அம்மா, நான் மூவரும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்துவிட்டோம். அண்ணா "பிறகு பார்ப்பம்" என்று விட்டுவிட்டார்.

போன வருடம் போதைப்பொருள் விற்ற கேஸில் அவருக்கு 30 மாதத் தண்டனை. இப்போது ஜெயிலுக்கே ஹோம் ஒஃபிஸ் (பிரிட்டனின் உள்துறை அமைச்சு) கடிதம் வந்திருக்கிறது. உன்னை இலங்கைக்கு நாடு கடத்த உத்தேசித்துள்ளோம், ஏன் கூடாது என்று காரணம் எழுது என்கிறார்கள்.

அம்மா சொல்வது: "ஊரில் எங்களுக்கு ஒருத்தரும் இல்லை, அவனுக்குத் தமிழே தெரியாது என்று எழுதிவிடு." உண்மை என்னவென்றால், சின்னம்மா ஒருவர் சுன்னாகத்தில் இருக்கிறார். அண்ணா தமிழ் கதைப்பார், எழுத வாசிக்க வராது. ஒரு முறை கலியாண வீட்டுக்கு ஊருக்குப் போய் வந்தும் இருக்கிறார். அண்ணாவுக்கு மனைவி பிள்ளை இல்லை.

அம்மா சொல்வதுபோல் எழுதலாமா? லோயர் இன்னும் பிடிக்கவில்லை.

டூட்டிங் மாமா

பயப்படாதேங்கோ பிள்ளை. எட்டு வயதில் வந்து இங்கேயே பள்ளிக்கூடம் படித்தவனை அனுப்ப ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் விடாது. உங்கள் எம்.பி.யிடம் போங்கோ, கடிதம் வாங்குங்கோ. அம்மா சொல்வதும் சரிதான். எங்களைப் பற்றி ஹோம் ஒஃபிசுக்கு என்ன தெரியும்?

வழக்குக்கட்டு

மாமா, மன்னிக்க வேண்டும், இரண்டும் பிழை. சின்ன வயதில் வந்தவர்களையும் அனுப்பத்தான் செய்கிறார்கள். அம்மா சொல்வதுபோல் எழுதினால் அனுப்புவது இன்னும் சுலபமாகிவிடும்.

நான் சொலிசிற்றர் இல்லை. ஒரு சட்ட உதவி நிலையத்தில் குடிவரவு வழக்குகளுக்குக் கட்டுத் (நீதிபதியிடம் கொடுக்கும் ஆவணத் தொகுப்பு) தயாரிக்கும் வேலை பார்த்தவன். தங்கச்சி, இதை லோயரிடம் போவதற்கு முன் விளங்கிக்கொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடு கடத்தியே ஆக வேண்டும் என்பது 2007 ஆம் ஆண்டின் யூ.கே. போர்டர்ஸ் சட்டம், 32 ஆம் பிரிவு. மனித உரிமையை மீறும் என்றால் விலக்கு உண்டு. ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்தில் குடும்ப வாழ்க்கை, தனிவாழ்க்கை பற்றிய 8 ஆம் உறுப்புரையை நீதிபதி எப்படி எடைபோட வேண்டும் என்பதை 2002 ஆம் ஆண்டின் குடியுரிமை, குடிவரவு, புகலிடச் சட்டத்தில் 2014 இல் சேர்த்த 117சி பிரிவு சொல்கிறது. தண்டனை 4 வருடத்துக்குக் குறைவு என்றால் அதில் இரண்டு விதிவிலக்குகள். மனைவி பிள்ளை பற்றியது ஒன்று, அது அண்ணாவுக்குப் பொருந்தாது. மற்றதுதான் உங்களுடையது. வாழ்நாளில் பெரும்பகுதி இங்கே சட்டப்படி இருந்திருக்க வேண்டும். இந்தச் சமூகத்தோடும் பண்பாட்டோடும் ஒன்றியவராக இருக்க வேண்டும். அனுப்பப்படும் நாட்டில் ஒன்றிப்போவதற்கு மிகப் பாரிய தடைகள் இருக்க வேண்டும். மூன்றையும் காட்டியாக வேண்டும், இரண்டு போதாது.

முதலாவதில் பிரச்சினை இருக்காது, குடும்ப விசாவில் வந்த நாளிலிருந்து சட்டப்படிதான் இருக்கிறார். இரண்டாவதில், ஜெயிலுக்குப் போனவன் எங்கே ஒன்றியிருக்கிறான் என்று கேட்பார்கள். குற்றம் செய்ததாலும் சிறையில் இருந்ததாலும் மட்டும் சின்ன வயதிலிருந்து வந்த ஒட்டு அறுந்துவிடாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2019 இல் சி.ஐ. என்ற நைஜீரியரின் வழக்கில் சொல்லியிருக்கிறது.

கேஸ் வெல்வதும் தோற்பதும் மூன்றாவதில்தான். 2012 இலிருந்து 2014 நடுப்பகுதி வரை இருந்த விதியில் கேள்வி வேறு: அந்த நாட்டோடு "தொடர்பு எதுவும் இல்லை" என்று காட்ட வேண்டும். அப்போதுகூட ஒகுண்டிமு வழக்கில் (2013), தொடர்பு என்றால் வெறும் பேரளவிலான தூரத்துச் சொந்தத்தைத் தாண்டிய ஒன்று என்றுதான் குடிவரவு அப்பீல்களைக் கேட்கும் தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டது. 2014 ஜூலை 28 இலிருந்து அந்தச் சோதனையே போய்விட்டது. நம் சனம் இன்னும் அந்தப் பழைய விதியைத்தான் வாய்வழியாகச் சொல்லிக்கொண்டு திரிகிறது, "ஒருத்தரும் இல்லை என்று சொல்லு" என்பது அதன் மிச்சம்.

இப்போதுள்ள கேள்விக்கு கமாரா வழக்கைத்தான் (2016) எல்லா நீதிபதிகளும் எடுப்பார்கள். சியரா லியோனில் பிறந்து சின்ன வயதில் இங்கே வந்தவர் அவர். அந்த நாட்டில் வாழ்க்கை எப்படி நடக்கிறது என்று உள்ளிருப்பவன்போல் விளங்கிக்கொள்ள முடியுமா, அதில் பங்கெடுக்க முடியுமா, நியாயமான காலத்துக்குள் அங்கே மனிதர்களோடு உறவுகளை உண்டாக்க முடியுமா என்றுதான் பார்க்கச் சொன்னார்கள். சுன்னாகத்தில் ஒரு சின்னம்மா இருப்பதால் இதற்கு விடை "முடியும்" ஆகிவிடாது. ஒருவரும் இல்லை என்பதால் "முடியாது" என்றும் ஆகிவிடாது. அப்படியிருக்க எதற்குப் பொய்?

மாமா, ஐரோப்பிய நீதிமன்றம் பற்றி. நீங்கள் நினைப்பது மாஸ்லோவ் வழக்கு. பல்கேரியாவிலிருந்து ஆறு வயதில் ஆஸ்திரியாவுக்கு வந்த பையன், 2008 இல் வென்றான். ஆனால் அவன் செய்தவை பதின்ம வயதில், பெரும்பாலும் வன்முறை இல்லாத களவுகள். அதே நீதிமன்றம் 2006 இல், பன்னிரண்டு வயதில் நெதர்லாந்துக்கு வந்த ஊனர் என்ற துருக்கியருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. வந்த நாட்டோடு உள்ள பிணைப்பு, போகும் நாட்டோடு உள்ள பிணைப்பு இரண்டின் பலத்தையும் பார்க்க வேண்டும் என்று எழுதிவைத்ததும் அந்தத் தீர்ப்பில்தான்.

வெளியே வந்தவன்

இந்த வழியால் போய் வந்தவன் நான். அப்பீலில் வென்று இப்போது வேலை செய்கிறேன். தங்கச்சிக்குச் சொல்ல வேண்டியது ஒன்று: குறுக்கு விசாரணை.

என் அப்பாவும் தன் வாக்குமூலத்தில் "மகனுக்குத் தமிழ் தெரியாது" என்று எழுதியிருந்தார். ஹியரிங்கில் அப்பா தமிழ் மொழிபெயர்ப்பாளர் வைத்துத்தான் சாட்சி சொன்னார். எதிர்ப்பக்கத்துக்காரர் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. "உங்களுக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும்?" என்றார். கொஞ்சம் என்றார் அப்பா. "அப்படியென்றால் வீட்டில் மகனோடு எந்த மொழியில் பேசுவீர்கள்?" அப்பா வாயடைத்துப் போனார்.

ஒரு பொய் பிடிபட்டால் மிச்ச உண்மையையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் பார்ப்பார். என் லோயர் கெட்டிக்காரி. குறுக்கு விசாரணை முடிந்து எங்கள் பக்கம் திரும்பக் கேட்கும்போது, பேசுவது எந்த அளவு, கடைசியாகத் தமிழில் என்ன வாசித்தேன் என்றெல்லாம் விளக்கமாகக் கேட்டு ஒருவாறு மீட்டார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

அவர்கள் பேஸ்புக்கும் பார்க்கிறார்கள். ஊர்க் கலியாணத்தில் வேட்டியோடு நின்ற படம் அவர்களுடைய கட்டுக்குள் இருந்தது. தேர்த் திருவிழாவில் காவடி எடுத்த படமும் இருந்தது, அது லண்டன் கோயில்! அதை வைத்து "இலங்கைப் பண்பாட்டோடு நெருங்கிய ஈடுபாடு" என்று எழுதியிருந்தார்கள்.

ஹரோ சிவம்

எல்லோரும் சட்டம் கதைக்கிறீர்கள். போதைப்பொருள் விற்றவர் அல்லவா? எங்கள் பிள்ளைகளைக் கெடுக்கிறவர்களைக் காப்பாற்ற இத்தனை யோசனையா?

வழக்குக்கட்டு

சிவம் அண்ணை, உங்கள் கோபம் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. குற்றம் எவ்வளவு பாரதூரமோ அவ்வளவுக்கு நாடு கடத்துவது பொதுநலன் என்று 117சி தொடங்குவதே அப்படித்தான். ஆனால் அவருக்கான தண்டனையை நீதிமன்றம் கொடுத்துவிட்டது. இப்போதுள்ள கேள்வி, எட்டு வயதுவரை மூன்று இடத்தில் அகதியாக அலைந்த ஒருவரை, அவருக்கு வீடென்று ஒன்று இருந்திராத நாட்டுக்கு அனுப்பலாமா என்பது.

யாழ் வாசி

நான் இங்கே கோண்டாவிலில் இருக்கிறேன். லண்டனில் இருந்தும் பிரான்சில் இருந்தும் அனுப்பப்பட்டவர்கள் சிலரைத் தெரியும். ஹோம் ஒஃபிஸ் கடிதத்தில் "ஆரோக்கியமான இளைஞர், தமிழும் ஆங்கிலமும் பேசுவார், உறவினர் உண்டு, வேலை தேடிக்கொள்ளலாம்" என்று இருக்குமே, அதற்கு இங்கே என்ன அர்த்தம் என்று சொல்கிறேன்.

முதலில் அடையாள அட்டை. எட்டு வயதில் போனவரிடம் அது இருக்க வழியில்லை. அது இல்லாமல் வங்கிக் கணக்கு, சிம், முறையான வேலை எல்லாமே சிக்கல். எடுப்பதற்கு பிறப்புச் சான்றிதழ் வேண்டும், கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் வேண்டும். கிராம சேவகர் எந்த ஊருக்காரர் என்று கேட்பார். அண்ணா எந்த ஊர்? இடம்பெயர்ந்திருந்தபோது பிறந்தவர், அப்பா அம்மாவின் ஊரில் ஒரு நாளும் வாழாதவர். சின்னம்மா தன் வீட்டு முகவரியில் பதிய விட வேண்டும். எடுக்க முடியாது என்று நான் சொல்லவில்லை, எடுக்கலாம். ஆனால் ஆட்பதிவுத் திணைக்களப் படிவத்தைத் தமிழில் வாசிக்கத் தெரியாதவர், யாராவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால்தான்.

அப்புறம் கதை. லண்டன் தமிழ் இங்கே இரண்டு வசனத்தில் தெரிந்துவிடும். எதற்கு வந்தார், ஏன் தனியே வந்தார், எப்போது திரும்பிப் போவார் என்று ஊர் கேட்கும். கேஸில் போய் வந்தவர் என்று தெரிந்தால் வாடகைக்கு அறை கொடுக்கவே யோசிப்பார்கள். வடக்கில் இப்போது போதைப்பொருள் பெரிய பிரச்சினை. அந்தக் கேஸில் லண்டனில் பிடிபட்டு வந்தவர் என்றால் சின்னம்மாவின் புருஷன் வீட்டுக்குள் எடுப்பாரா? இதை அவரிடமே கேளுங்கள். அவருடைய பதில்தான் உங்கள் சாட்சி.

கட்டுநாயக்காவில் இறங்கியதும் விசாரணை உண்டு. பெரும்பாலும் சில மணி நேரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

வழக்குக்கட்டு

மேலே உள்ளது தங்கம். இதையே ஒரு நாட்டு நிபுணர் அறிக்கையாக எழுதினால் நீதிபதி எடுப்பார். இங்கே பதிந்ததை அச்சடித்துக் கொடுத்தால் எடுக்கமாட்டார்.

விமான நிலைய விசாரணையைச் சொன்னதால் ஒன்று. அப்பா அகதி அந்தஸ்து எடுத்த காரணம் என்ன, அண்ணா இங்கே அரசியல் வேலைகளில் ஈடுபட்டாரா என்பதை லோயரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இலங்கைக்குத் திரும்புவோரின் ஆபத்துப் பற்றித் தீர்ப்பாயம் தந்த வழிகாட்டித் தீர்ப்புகள் இரண்டு, 2013 இல் ஜி.ஜே., 2021 இல் கே.கே. மற்றும் ஆர்.எஸ். புலம்பெயர் நாட்டில் தமிழ்ப் பிரிவினைச் செயல்பாட்டில் முக்கிய பங்கு உடையவர் என்று இலங்கை அரசு கருதக்கூடியவர் அதில் முக்கியமாக ஆபத்தில் உள்ளவர். மாவீரர் நாளுக்குப் போய் நின்றது மட்டும் போதாது. இல்லாததை உண்டாக்கவும் வேண்டாம். உண்மையில் ஏதாவது இருந்தால் அது வேறு வழி, அதற்கு வேறு விதிகள்.

கனடாக்காரன்

ஸ்காபரோவிலிருந்து. உங்களுக்கு அப்பீலாவது இருக்கிறது என்று சந்தோஷப்படுங்கோ. இங்கே நிரந்தர வதிவிடக்காரருக்கு 6 மாதமோ அதற்கு மேலோ ஜெயில் என்றால் குடிவரவு அப்பீல் பிரிவுக்குப் போகவே முடியாது. முந்தி 2 வருடமாக இருந்ததை 2013 இல் குறைத்தார்கள். அதற்குக் கீழ் என்றால் 1985 இல் வந்த ரிபிக் வழக்கின் அளவுகோல்: எத்தனை காலம் இருந்தார், குடும்பம், திருந்தினாரா, திருப்பி அனுப்பினால் அங்கே என்ன கஷ்டம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

செந்தில் மதுரை

ஒரு சந்தேகம்ங்க. என் நண்பர் 22 வயசுல மாணவர் விசாவுல மதுரையிலேர்ந்து வந்தவர், இப்ப 35. அவருக்கும் இதே மாதிரி கடிதம். இதே வாதம் அவருக்கும் செல்லுமா?

வழக்குக்கட்டு

இந்த விதிவிலக்கு செல்லாது தம்பி. வாழ்நாளில் பாதிக்கு மேல் இங்கே இருக்கவில்லையே, முதல் படியிலேயே நின்றுவிடும். படிப்பு, நண்பர்கள், பெற்றோர் எல்லாம் மதுரையில் என்றால் மூன்றாவதும் கஷ்டம். மனைவி, பிள்ளைகள் இங்கே இருந்தால் மற்ற விதிவிலக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு அளவுமீறிய கொடுமையாக இருக்குமா என்பதுதான் அங்கே கேள்வி, பிரிந்திருப்பது கஷ்டம் என்ற அளவில் நின்றால் தோற்றுவிடும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே குழம்பிவிடும்.

டூட்டிங் மாமா

வழக்குக்கட்டு தம்பி, ஒன்று கேட்கிறேன். அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தோம், கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினோம். பிள்ளை தமிழனாக வளர வேண்டும் என்று பெற்றவர்கள் பட்ட பாடு. அதையெல்லாம் தூக்கி அவன் தலையில் போடுகிறான் என்றால் பெற்றவர்கள் பொய் சொல்லாமல் என்ன செய்வார்கள்?

வழக்குக்கட்டு

நியாயமான கோபம், மாமா. மொழி தெரிந்தால் நாடு தெரியும் என்று கடிதம் எழுதுகிறவர் நினைப்பதை நான் எத்தனையோ வழக்குக் கட்டுகளில் பார்த்திருக்கிறேன். அதை உடைக்க வழி, அந்தத் தமிழ் எங்கே கற்றது என்று காட்டுவது. லண்டனில் கற்ற தமிழ், லண்டன் கோயில், லண்டன் தமிழ்ப் பள்ளி. இதெல்லாம் பிரிட்டனில் அவர் வளர்ந்த வாழ்க்கையின் பகுதி, இலங்கையில் வாழ்ந்ததற்கு அத்தாட்சி ஆகாது. அந்தப் பள்ளி ஆசிரியரே கடிதம் தரட்டும்: எத்தனையாம் வகுப்பில் விட்டார், எந்த அளவு வாசிப்பார் என்று. மறைத்தால் அது அவர்கள் கையில் ஆயுதம். நீங்களே முன்வைத்தால் இங்கே ஒன்றியிருக்கிறார் என்பதற்கே சாட்சியாகிவிடும்.

மயிலிட்டிப் பிள்ளை

எல்லோருக்கும் நன்றி. அழுதுகொண்டே வாசித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "சரி, உள்ளதைச் சொல்லுவம்" என்கிறார், அரை மனதோடு.

இன்னும் சில கேள்வி. அம்மா பெயரில் ஊரில் காணி இருக்கிறது, ஆனால் அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் (இராணுவம் எடுத்து வைத்திருக்கும் பகுதி). அதைச் சொல்ல வேண்டுமா? சின்னம்மாவிடம் கடிதம் எடுக்கலாமா? அப்புறம், ஒருவர் காசு வாங்கிக்கொண்டு தானே எல்லாம் எழுதித் தருகிறேன் என்கிறார், லோயர் இல்லையாம், "அனுபவம்" இருக்கிறதாம்.

வெளியே வந்தவன்

காசு கேட்கிற "அனுபவசாலி"யை விட்டுத் தூர ஓடுங்கள் தங்கச்சி. பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வதே இங்கே குற்றம். சொலிசிற்றராக இருக்க வேண்டும், இல்லையென்றால் இமிக்ரேஷன் அட்வைஸ் ஒத்தோரிட்டியில் பதிந்தவராக இருக்க வேண்டும் (2025 ஜனவரி வரை ஓ.ஐ.எஸ்.சி. என்று இருந்த அதே அமைப்பு). பெயரை அவர்களுடைய இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம்.

ஜெயிலில் அண்ணாவிடம் சொல்லிவையுங்கள்: கொஞ்சக் காசோடு தானாகத் திரும்பிப் போகும் திட்டத்தின் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். களைத்துப் போயிருக்கும் நேரத்தில் கையெழுத்து வைத்துவிடத் தோன்றும். வைத்தால் அப்பீலைக் கைவிட்டதாகிவிடும். லோயர் பார்க்காமல் எதிலும் வைக்கக் கூடாது.

வழக்குக்கட்டு

காணியைச் சொல்லுங்கள். எப்போது விட்டு வந்தீர்கள், இப்போது விடுவிக்கப்பட்டதா இல்லையா, வீடு நிற்கிறதா என்று பிரதேச செயலகத்திலிருந்தோ கிராம சேவகரிடமிருந்தோ ஒரு கடிதம். "குடும்பத்துக்குச் சொத்து உண்டு" என்று அவர்கள் எழுதும் முன், உள்ளே போக முடியாத காணி என்று நீங்கள் காட்டிவிடலாம். பகுதி பகுதியாக விடுவித்துக்கொண்டு வருகிறார்கள் என்பதால் இன்றைய நிலை தெரிய வேண்டும்.

சின்னம்மாவின் கடிதம் கட்டாயம் வேண்டும். அவருக்கு என்ன வயது, வீட்டில் எத்தனை பேர், வருமானம் என்ன, அண்ணாவைக் கடைசியாக எப்போது பார்த்தார், வைத்துக்கொள்ள முடியுமா முடியாதா, ஏன். அவருடைய அடையாள அட்டைப் பிரதியும் சேர வேண்டும். ஆனால் அவர் "ஓம், நான் பார்த்துக்கொள்வேன்" என்றால் அதையும் மாற்றி எழுதச் சொல்லாதீர்கள். லோயரிடம் சொல்லுங்கள், சில மாதம் இடம் கொடுப்பதும் வாழ்க்கை அமைவதும் ஒன்றா என்று அவர் வாதாடுவார்.

லண்டனிலிருந்து நீங்கள் காசு அனுப்பலாமே என்றும் கேட்பார்கள், இது நிச்சயம் வரும். உங்கள் வருமானம், வீட்டு வாடகை, வீட்டில் யாருக்காவது நோய் இருந்தால் அது, எல்லாவற்றுக்கும் தாள் வையுங்கள்.

காலக்கெடு பற்றி. இப்போது வந்திருப்பது முதல் கடிதம், அதற்குப் பதில்தான் மனித உரிமைக் கோரிக்கை. பதில் அனுப்ப வேண்டிய திகதி கடிதத்திலேயே இருக்கும். கோரிக்கையை நிராகரித்து அடுத்த கடிதம் வந்தால், இங்கே இருந்துகொண்டு அப்பீல் செய்ய 14 நாள்தான், அது அனுப்பப்பட்ட நாளிலிருந்து. ஜெயில் தபால் அறையில் கடிதம் தூங்கும், அதனால் உறையையும் எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். சாட்சி எல்லாம் முதல் தீர்ப்பாயத்திலேயே போக வேண்டும். மேல் தீர்ப்பாயம் சட்டப் பிழையைத்தான் பார்க்கும்.

செலவு: 8 ஆம் உறுப்புரை டிபோர்ட் கேஸுக்கு 2013 ஏப்ரலிலிருந்து சாதாரண சட்ட உதவி இல்லை. விதிவிலக்கு நிதி என்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சிக்கலான கேஸ், ஜெயிலில் இருந்து தானே வாதாட முடியாது என்று காட்டினால் கிடைக்கும், பலருக்குக் கிடைத்திருக்கிறது. பெய்ல் ஃபார் இமிக்ரேஷன் டிடெய்னீஸ் என்ற தொண்டு நிறுவனத்தையும் கேட்டுப் பாருங்கள், அவர்களின் வேலையே இதுதான்.

மயிலிட்டிப் பிள்ளை

ஒரு சொலிசிற்றர் கேஸை எடுத்திருக்கிறார். விதிவிலக்கு நிதிக்கு விண்ணப்பம் போய்விட்டது, முதல் கடிதத்துக்கு அவரே பதில் எழுதுகிறார். சின்னம்மாவோடு கதைத்தேன். சித்தப்பா விடமாட்டார் என்று அவரே சொன்னார், அதை எழுதித் தரக் கொஞ்சம் வெட்கப்படுகிறார். அம்மாவின் வாக்குமூலத்தில் அண்ணா தமிழ் கதைப்பார் என்று போட்டாயிற்று.

சொலிசிற்றர் அண்ணாவின் ஆரம்பப் பள்ளி ரிப்போர்ட் கேட்கிறார். அந்தப் பள்ளிக்கூடத்தை மூடி வேறு பெயரில் நடத்துகிறார்கள். எங்கே கேட்பது?

வெளியே வந்தவன்

கவுன்சிலுக்கு எழுதுங்கள், அண்ணாவின் கையெழுத்தோடு. சொந்தத் தகவலைக் கேட்கும் உரிமையின் கீழ் இலவசமாகத் தேடித் தர வேண்டும். பழைய ஃபைலை அழித்திருந்தால் அதையாவது எழுத்தில் தரச் சொல்லுங்கள். அதோடு ஜி.பி. (குடும்ப வைத்தியர்) பதிவையும் இன்றே கேளுங்கள், ஒரு மாதம் வரை எடுக்கும். 1999 இல் அங்கே பதிந்த திகதியும் போட்ட தடுப்பூசியும் அதில் இருக்கும்.